ஏழாண்டுக் காத்திருப்பும் இரண்டு வழக்குகளும்

இறந்துபோனவரிடமிருந்து விவாகரத்து வாங்க முடியுமா? கேட்டால் சிரிப்பார்கள். மரணம் வந்தால் திருமணம் தானாகவே முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு நீதிமன்றம் முறித்துவைக்க அங்கே என்ன மிச்சம்? ஆனால் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13(1) பிரிவில் ஏழாவது உட்பிரிவு ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. கணவரோ மனைவியோ உயிரோடு இருந்தால் அந்தச் செய்தி யாருக்கு இயல்பாக எட்டியிருக்குமோ, அவர்களுக்கு ஏழாண்டோ அதற்கு மேலோ ஒரு தகவலும் எட்டவில்லை என்றால், மற்றவர் விவாகரத்து கேட்கலாம் என்கிறது அது. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்திலும், 2001இல் திருத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும், 1936ஆம் ஆண்டுப் பார்சி சட்டத்திலும் இதே ஏழாண்டு இருக்கிறது.

கொடுமை, கைவிடல், பிறர்மனை உறவு என்று மற்ற காரணங்களில் பெரும்பாலானவை ஒருவர் மீது மற்றவர் சுமத்தும் குற்றச்சாட்டுகள். இது அப்படியல்ல. எதிர்மனுதாரர் என்ன தப்பு செய்தார் என்று மனுவில் எழுத எதுவுமில்லை. இதற்கு முந்தைய உட்பிரிவு உலகைத் துறந்து துறவறம் பூண்டவரைப் பற்றியது. சந்நியாசம் வாங்கியவர் பழைய சாத்திரங்களின் பார்வையில் இல்லறத்துக்கு இறந்தவர். காவி கட்டிக்கொண்டு போனவரையும் காணாமல் போனவரையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்த சட்டக்காரர்களுக்கு ஊர் நிலவரம் தெரிந்திருக்கிறது: இரண்டாமவர்களில் பலர் முதலாமவர்களாகவே எங்கோ இருக்கக்கூடும்.

காணாமல் போனவரின் துணைக்கு இந்தியச் சட்டம் தரும் வழி ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் அவர் விவாகரத்துப் பெற்றவராகிறார், மற்றதில் கைம்பெண்ணாகிறார். இரண்டும் வெவ்வேறு நீதிமன்றங்களுக்குப் போகின்றன, வெவ்வேறு உரிமைகளைத் தருகின்றன, ஒன்றின் பலனை மற்றது காப்பாற்றுவதில்லை. ஏழாண்டு நீளமா குறைவா என்றுதான் எல்லோரும் விவாதிக்கிறார்கள். என் பார்வையில் கோளாறு அந்த எண்ணில் குறைவாகவும் இந்தப் பிளவில் அதிகமாகவும் இருக்கிறது.

முதலில் அந்த எண். இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் காலத்தில், 1604இல், இருமணத்தைக் கடுங்குற்றமாக்கிய சட்டம் வந்தது. ஏழாண்டு கடல் கடந்திருப்பவரின் துணைக்கும், நாட்டுக்குள்ளேயே ஏழாண்டு தகவலின்றிப் போனவரின் துணைக்கும் அதில் விலக்கு இருந்தது. 1666இல் இன்னொரு சட்டம். ஒருவர் உயிரோடிருக்கும் வரை செல்லும் என்று எழுதப்பட்ட நிலக் குத்தகைகள் அக்காலத்தில் வழக்கம். அந்த நபர் கடல் கடந்து போய் ஏழாண்டு தகவல் இல்லையென்றால், இறந்ததாக வைத்து நிலத்தை மீட்டுக்கொள்ள நிலச்சொந்தக்காரருக்கு அது வழிவகுத்தது. ஒன்று தண்டனையிலிருந்து தப்புவதற்கான ஏழு, மற்றது குத்தகை நிலத்தை மீட்பதற்கான ஏழு. இந்தியாவுக்கு இரண்டுமே கப்பலேறி வந்தன. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 494ஆம் பிரிவில் விதிவிலக்காக ஒன்று, ஸ்டீபன் வகுத்த 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவாக மற்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களில் அவை முறையே 82ஆம் பிரிவாகவும் 111ஆம் பிரிவாகவும் எண் மாறியிருக்கின்றன. ஏழு மாறவில்லை.

அதற்கு முன் இங்கே கணக்கே இல்லாமல் இல்லை. அறத்துக்காக வெளியூர் போன கணவனுக்கு எட்டாண்டு, கல்விக்கோ புகழுக்கோ போனவனுக்கு ஆறு, ஆசைக்காகப் போனவனுக்கு மூன்று என்று காத்திருக்கச் சொல்கிறது மனு. அதற்குப் பிறகு அவள் என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. உரையாசிரியர்கள் அந்த மௌனத்தை ஆளுக்கொரு விதமாக நிரப்பினார்கள். நாரதர் அவ்வளவு சங்கோஜப்படவில்லை. வர்ணத்துக்கு ஏற்ப ஆண்டுகளை வகுத்து, பிள்ளையில்லாதவளுக்கு அதைப் பாதியாக்கி, பின் வேறொருவனை அடையலாம் என்றே சொன்னார். கணவன் காணாமல் போவதை மறுமணத்துக்குரிய ஐந்து ஆபத்துகளில் முதலாவதாக வைத்த சுலோகம் பராசர ஸ்மிருதியிலும் உண்டு. ஈசுவர சந்திர வித்யாசாகர் விதவை மறுமணத்துக்காக வாதாடியபோது கையில் எடுத்தது அதைத்தான். 1856ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கு மட்டும் வந்தது. சுலோகத்தின் முதல் ஆபத்து, காணாமல் போன கணவன், சட்டத்துக்குள் வர இன்னும் நூறாண்டு ஆனது.

வழக்கத்தில் இருந்தது பன்னிரண்டாண்டு. அத்தனை காலம் தகவலில்லை என்றால் தர்ப்பையால் உருவம் செய்து எரித்துக் கருமாதி செய்யும் முறை பல குடும்பங்களில் இருந்திருக்கிறது. அந்தச் சடங்கு வாரிசுகளுக்கு வழிவிட்டது, பித்ருக் கடனைத் தீர்த்தது. மனைவிக்குக் கொடுத்தது வெள்ளைச் சேலை மட்டும்.

முஸ்லிம்களின் கதை இதைவிடச் சுவையானது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விஷயத்தில் மற்றெல்லாச் சட்டங்களையும்விட முன்னால் நிற்கிறது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தியாவில் பெரும்பான்மையாகப் பின்பற்றப்படும் ஹனஃபி மரபில், காணாமல் போன கணவனின் வயதையொத்தவர்கள் இயல்பாக இறந்திருக்கக்கூடிய காலம் வரை மனைவி காத்திருக்க வேண்டும். சிலர் அவனுக்குத் தொண்ணூறு வயது ஆகும் வரை என்று கணக்கிட்டார்கள். இருபது வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்வதும் ஒன்றும் சொல்லாமல் விடுவதும் ஒன்றே. நீதிமன்றங்களும் ஹனஃபி விதியைத் தாண்டி வரவில்லை. ஆனால் ஒரு குறுக்குவழி இருந்தது. மதம் மாறினால் திருமணம் தானாக முறியும் என்று நீதிமன்றங்கள் ஏற்றன. வேறு வழியற்ற பெண்கள் இஸ்லாத்தை விட்டு வெளியேறியதாக அறிவிக்கத் தொடங்கினார்கள்.

இது உலமாக்களை உலுக்கியது. தேவ்பந்த் மரபின் பேரறிஞர் அஷ்ரஃப் அலி தானவி 1930களின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஹனஃபி மரபு கைகொடுக்காத இடத்தில் மாலிக்கி மரபின் விதியை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். மாலிக்கி மரபில் காத்திருப்பு நான்காண்டு. காஸி முகமது அகமது காஸ்மி மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மசோதா, 1939இல் முஸ்லிம் திருமணங்கள் முறிவுச் சட்டமானது. மனைவி திருமண முறிவு கேட்பதற்கான காரணங்களில் அது முதலாவதாக வைத்தது, கணவன் இருக்குமிடம் நான்காண்டு தெரியாமல் இருப்பதை. மதம் மாறினால் மட்டும் திருமணம் முறியாது என்றும் அதே சட்டம் சேர்த்துக்கொண்டது. ஒரு கதவைத் திறந்துவிட்டு மற்றதைச் சாத்திய பேரம்தான் அது. ஆனாலும் திறந்தது நிஜமான கதவு.

அதன் நுணுக்கங்களைப் பாருங்கள். கணவன் இறந்தான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, இருக்குமிடம் தெரியவில்லை என்றால் போதும். மனுவில் கணவனின் வாரிசுகள் யார் என்று எழுதி அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வாரிசாக இல்லாவிட்டாலும் அவனுடைய தந்தைவழிச் சித்தப்பா பெரியப்பாவையும் சகோதரனையும் வழக்கில் சேர்க்க வேண்டும். அவர்களுக்குப் பேச உரிமை உண்டு. தீர்ப்பு வந்தவுடன் திருமணம் முறிந்துவிடாது. ஆறு மாதம் நிறுத்திவைக்கப்படும். அதற்குள் கணவன் நேரிலோ பிரதிநிதி மூலமோ வந்து, குடும்பம் நடத்தத் தயார் என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால் தீர்ப்பு ரத்தாகும். ஆறு மாதம் கடந்தால் தீர்ப்பு நடைமுறைக்கு வரும். திரும்பி வரக்கூடியவனுக்கு ஒரு காலக்கெடுவையும் காத்திருந்தவளுக்கு ஒரு முடிவுத் தேதியையும் ஒரே பிரிவில் கொடுத்த இந்த ஏற்பாடு பின்னால் வந்த இந்துச் சட்டத்தில் இல்லை. 1955இல் சட்டம் எழுதியவர்கள் பதினாறு ஆண்டு முந்தைய அண்டைவீட்டுச் சட்டத்தை எட்டிப் பார்த்திருக்கலாம்.

இனி குடும்ப நல நீதிமன்றத்துக்கு வருவோம். வக்கீலிடம் வரும் பெண்ணுக்கு முதலில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஏழாவது உட்பிரிவு அல்ல. கைவிடல் என்று போட்டால் இரண்டாண்டு போதுமே, எதற்கு ஏழு என்பதுதான். வழக்கை விரைவில் முடிக்க இது உதவும். ஆனால் கைவிடல் என்பதற்கு, திரும்பி வரும் எண்ணமில்லாமல் விட்டுப் போனார் என்று காட்ட வேண்டும். மனநலம் குன்றி வீட்டைவிட்டு நடந்தவர், கடலுக்குப் போய் வராதவர், வெளிநாட்டில் வேலைக்குப் போய் ஏஜென்டிடம் சிக்கியவர், இவர்களுக்கெல்லாம் என்ன எண்ணம் இருந்தது என்று யார் சாட்சி சொல்வது? சிறையிலோ மருத்துவமனையிலோ கிடந்து திரும்பி வருபவருக்கு, தம்மைக் கொடியவராக எழுதிய ஒரு தீர்ப்பு காத்திருக்கும். ஏழாவது உட்பிரிவின் பெருமையே அது யாரையும் பழிக்காமல் இருப்பதுதான்.

அந்த வழியில் போனால் மனுவை மனைவி தன் ஊரிலேயே போடலாம், 19ஆம் பிரிவு அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. கையில் இருக்க வேண்டியவை: காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். ரசீது அல்லது எஃப்.ஐ.ஆர். நகல், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கை, பெற்றோர் உடன்பிறந்தோர் போன்றவர்களின் சாட்சியம். சம்மன் வழங்க ஆளில்லை என்பதால் பேப்பரில் விளம்பரம். யாரும் வராமல் எதிர்மனுதாரர் எக்ஸ்பார்ட்டி ஆவார். ஆனாலும் தீர்ப்பு தானாக வந்துவிடாது. எதிர்ப்பு இல்லாவிட்டாலும் காரணம் நிரூபிக்கப்பட்டதா, இரு தரப்பும் கூடிப்பேசி நடத்தும் நாடகமா என்று பார்க்க 23ஆம் பிரிவு நீதிபதியைக் கட்டாயப்படுத்துகிறது.

இங்கேதான் மாமியார் வருகிறார். "இயல்பாகச் செய்தி அறிந்திருக்கக் கூடியவர்கள்" பட்டியலில் முதலில் நிற்பவர் காணாமல் போனவரின் தாய். மனைவிக்கு ஏழாண்டு முடிந்தது, தாய்க்கு முடியவில்லை. என் மகன் இருக்கிறான், சோசியர் வடக்கே இருக்கிறான் என்றார், கனவில் வந்தான் என்று அவர் சொன்னால் சட்டப்படி அது செய்தி ஆகாது. ஆனால் போன தீபாவளிக்கு யாரோ திருப்பூரில் பார்த்ததாகச் சொன்னார்கள் என்று கூண்டில் ஏறிச் சொன்னால், வழக்கு தடுமாறும். அதில் பொய்யும் இருக்கலாம், சொத்துக் கணக்கும் இருக்கலாம், வெறும் தாய்மையும் இருக்கலாம். மகன் இறந்தான் என்பதற்குச் சாட்சி சொல்ல ஒரு தாயைக் கூண்டில் ஏற்றும் சட்டத்தின் குரூரத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. 1939ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் வீட்டாரைக் கேட்கிறது, ஆனால் அவன் செத்தானா என்று கேட்பதில்லை.

சரி, தீர்ப்பு கிடைத்தது. அவர் இப்போது விவாகரத்துப் பெற்றவர். மறுமணம் செய்யலாம். ஆனால் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்குப் போனால் இறப்புச் சான்றிதழ் எங்கே என்பார்கள். விவாகரத்துத் தீர்ப்பில் அது இல்லை. அதில் இருப்பது ஏழாண்டு தகவல் இல்லை என்ற முடிவும் திருமணம் முறிந்தது என்ற ஆணையும் மட்டுமே. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பு வாரிசுகளில் கைம்பெண் இருக்கிறார், விவாகரத்துப் பெற்ற மனைவி இல்லை. கணவர் பெயரில் உள்ள வீடு, வங்கியில் கிடக்கும் பணம், குடும்ப ஓய்வூதியம் எல்லாவற்றிலும் அவர் தன் காலைத் தானே வெட்டிக்கொண்டவராகிறார். தீர்ப்புக்கு முன்பே கணவர் இறந்திருப்பார், ஆகவே அப்போது நான் மனைவிதான் என்று வாதிடலாம். அப்படியானால் எந்தத் தேதியில் இறந்தார்? அதைச் சொல்லச் சாட்சியச் சட்டம் உதவாது. ஏழாண்டு தகவலில்லை என்றால் மரணத்தை மட்டுமே ஊகிக்கலாம், மரணத் தேதியை ஊகிக்க முடியாது, தேதியைச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2004இல் எல்.ஐ.சி. வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கணவர் காணாமல் போன பிறகு பிரீமியம் கட்டப்படாமல் பாலிசி காலாவதியான வழக்கு அது. காணாமல் போன நாளிலேயே இறந்ததாக வைத்துக்கொள்ள முடியாது என்றதால் மனைவியின் கோரிக்கை விழுந்தது. கணவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் ஏழாண்டும் அவர் பெயரில் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

இன்னொரு வழி, உரிமையியல் நீதிமன்றத்தில் இறந்ததாக அறிவிக்கக் கோரும் வழக்கு. வெறும் மரண அறிவிப்பை மட்டும் கேட்டால் எந்த உரிமைக்காக என்று நீதிமன்றம் கேட்கும், ஆகவே வாரிசுரிமையோடு சேர்த்தே கேட்பார்கள். கிடைத்தால் இறப்பைப் பதிவு செய்யலாம், பட்டா மாற்றலாம். இப்போது அவர் கைம்பெண். மறுமணமும் செய்யலாம். ஆனால் கணவர் திரும்பி வந்துவிட்டால்? ஊகம் பொய்த்தது, முதல் திருமணம் முறியவே இல்லை, இரண்டாவது திருமணம் 5, 11ஆம் பிரிவுகளின்படி செல்லாதது. இருமணக் குற்றத்துக்கான விதிவிலக்கு அவரைச் சிறையிலிருந்து காப்பாற்றும், அதுவும் இரண்டாம் கணவரிடம் திருமணத்துக்கு முன்பே உண்மை நிலையைச் சொல்லியிருந்தால் மட்டும். திருமணத்தைக் காப்பாற்றாது. குழந்தைகளைச் சட்டபூர்வமானவர்களாக 16ஆம் பிரிவு ஏற்கிறது, அவ்வளவுதான்.

ஆக, சொத்து வேண்டுமென்றால் ஆபத்தான கைம்பெண் நிலை, நிம்மதி வேண்டுமென்றால் சொத்தில்லாத விவாகரத்து. அந்த நிம்மதியும் முழுமையானதல்ல. காலவரையறைச் சட்டத்தின் 123ஆம் விதியைப் படித்தால் தூக்கம் கெடும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள் அவகாசம். சம்மன் முறையாகச் சேராதவருக்கு அந்த 30 நாள் தீர்ப்பை அறிந்த நாளிலிருந்துதான் தொடங்கும். பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்று முறைகள் சம்மனை முறையாகச் சேர்த்ததாக ஆகாது என்று அதன் விளக்கமே சொல்கிறது. பத்தாண்டு கழித்து வரும் கணவர், அன்றைக்குத்தான் அறிந்தேன் என்று மனுப் போடலாம். மறுமணம் ஆகிவிட்டதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்பலாம். நம்பிக்கைக்கும் சட்ட வாசகத்துக்கும் இடைவெளி உண்டு.

திரும்பி வருவது சினிமாவில் மட்டும் நடப்பதல்ல. 1999 கார்கில் போரின்போது காணாமல் போன உத்தரப் பிரதேசப் படைவீரர் ஒருவரை ராணுவம் முதலில் ஓடிப்போனவராகக் கருதியது. அவர் பாகிஸ்தான் சிறையில் இருந்தார். 2004இல் விடுதலையாகி ஊர் திரும்பியபோது மனைவிக்கு மறுமணம் ஆகியிருந்தது, அவர் கர்ப்பிணி. தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன் ஊர்ப் பெரியவர்களும் மத அறிஞர்களும் கூடி விவாதித்தார்கள். முதல் திருமணம்தான் செல்லும் என்று சொல்லப்பட்டு அந்தப் பெண் முதல் கணவரிடம் போனார். 2006 ஜனவரியில் இறந்துபோனார். அவர் வாழ்க்கையை முடிவு செய்ய நேரலையில் இத்தனை பேர் பேசியதை நாடு ஒரு நிகழ்ச்சியாகப் பார்த்தது. நான்காண்டு, நீதிமன்றத் தீர்ப்பு, ஆறு மாத அவகாசம் என்று 1939லேயே எழுதிவைக்கப்பட்ட வழி ஒன்று இருப்பதை அந்தக் கூச்சலில் நின்று நிதானமாகச் சொல்ல இடமிருக்கவில்லை. காஷ்மீரில் காணாமல் போனவர்களின் மனைவியர் பல்லாண்டு இதே தவிப்பில் இருந்தார்கள். 2013 டிசம்பரில்தான் அங்குள்ள மத அறிஞர்கள் கூடி, நான்காண்டுக்குப் பின் மறுமணம் செய்யலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். எண்பதாண்டுக்கு முன் அறிஞர் தானவி தொடங்கிவைத்த பேச்சு அது.

பேரழிவு வந்தால் அரசு ஏழாண்டை எளிதாகக் கடந்துவிடுகிறது. 2013 உத்தரகண்ட் வெள்ளத்திலும், 2021 சமோலி வெள்ளத்திலும், 2024 வயநாடு நிலச்சரிவிலும் உடல் கிடைக்காதவர்களை இறந்தவர்களாகப் பதிவு செய்யத் தனி நடைமுறை வகுத்தார்கள். உறவினரின் பிரமாணப் பத்திரம், போலீஸ் விசாரணை, தற்காலிக ஆணை, பத்திரிகையிலும் அரசிதழிலும் வெளியீடு, ஆட்சேபணைக்கு அவகாசம், பிறகு சான்றிதழ். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து ஆழ்கடல் போன மீனவர்களைத் தூக்கிக்கொண்டு போனபோதும், நிவாரணத்துக்காக அரசு ஏழாண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. நாடறிந்த பேரழிவில் காணாமல் போனவரின் குடும்பத்துக்குச் சில மாதம், தனியாகப் படகு கவிழ்ந்தவரின் குடும்பத்துக்கு ஏழாண்டு. இறப்பின் நிச்சயம் இரண்டிலும் ஒன்றாக இருந்தாலும், செய்தியின் அளவு காலத்தை நிர்ணயிக்கிறது.

அந்தக் கடற்கரைக் கிராமங்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பதால் இன்னொரு நீதிமன்றமும் உண்டு. திருச்சபைச் சட்டத்தின் 1707ஆம் விதிப்படி, காணாமல் போனவர் இறந்ததாக ஆயர் அறிவித்தால்தான் துணைவர் கோயிலில் மறுமணம் செய்ய முடியும். எத்தனை ஆண்டு ஆனாலும் காலம் மட்டும் போதாது. சாட்சியங்களையும் சூழ்நிலையையும் விசாரித்து ஆயருக்கு மன உறுதி வர வேண்டும். அரசின் விதி நாட்காட்டியைப் பார்க்கிறது, திருச்சபையின் விதி சூழ்நிலையைப் பார்க்கிறது. புயலன்று நடுக்கடலில் இருந்தவர் விஷயத்தில் திருச்சபையின் அணுகுமுறை விரைவாகவே பலன் தரலாம். வேலைக்கென்று கிளம்பி மும்பையில் தொலைந்தவர் விஷயத்தில் அது முடிவே தராமல் போகலாம்.

இலங்கையில் இந்தக் கேள்விக்கு வேறொரு கனம். 2009 மே மாதம் போர் முடிந்தபின், உறவினர் கண்ணெதிரே சரணடைந்து பிறகு தகவலில்லாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அரசு முதலில் நீட்டியது மரணச் சான்றிதழ். போரிலும் கலவரத்திலும் ஓராண்டுக்கு மேல் காணாமல் போனவர்களின் மரணத்தைப் பதிவு செய்ய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. பல மனைவியரும் தாய்மாரும் அதை வாங்க மறுத்தார்கள். வாங்கினால் தேடல் முடிந்தது என்று அரசு எழுதிக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இறந்ததாகச் சொல்லாமல் காணாமல் போனதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உதவித்தொகைக்கும் சொத்து நிர்வாகத்துக்கும் அது பயன்படும், திருமணத்தை முடிக்காது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரம் போராட்டத்தில் அமர்ந்த உறவினர்கள் கேட்டதும் சான்றிதழ் அல்ல, பதில்.

அப்படி மரணச் சான்றிதழை மறுத்த ஒரு பெண் சட்டப்படி பிரிய நினைத்தால்? இலங்கையின் பொதுத் திருமணப் பதிவுச் சட்டம் ஏற்கும் விவாகரத்துக் காரணங்கள் மூன்று: பிறர்மனை உறவு, தீய எண்ணத்தோடு கைவிடல், தீராத ஆண்மைக் குறைவு. படையினரிடம் ஒப்படைக்கப்பட்ட கணவர் தன்னைத் தீய எண்ணத்தோடு கைவிட்டார் என்று அவர் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். யாரும் செய்வார்களா? யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றால் சொத்திலும் சிக்கல். திருமணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்கக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். சீதனமாக வந்த காணியை விற்று மகளுக்குச் செய்ய, இல்லாத கணவரின் கையெழுத்துக்கு மாற்றாக நீதிபதியின் கையெழுத்து.

இங்கிலாந்து இதே குழப்பத்தில் நெடுங்காலம் இருந்தது. ஏ. பி. ஹெர்பர்ட் என்ற நகைச்சுவை எழுத்தாளர் நாடாளுமன்ற உறுப்பினராகி விடாப்பிடியாகக் கொண்டுவந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம், மரண ஊகமும் திருமண முறிவும் சேர்ந்த ஒரே தீர்ப்பைத் தந்தது. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு அந்த வழி வந்ததுதான், அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் அதன் கீழ் வருகின்றன. ஆனால் அந்தத் தீர்ப்பு திருமணத்தை மட்டுமே தீர்த்தது. சொத்துக்குத் தனி வழி, பாலிசிக்குத் தனி வழி என்று அங்கும் அலைந்தார்கள். 1974இல் காணாமல் போன லூக்கன் பிரபு, சொத்துக்காக 1999இல் இறந்தவராகக் கருதப்பட்டும், முறையான மரணச் சான்றிதழ் 2016இல்தான் வந்தது. அதற்கு வழி செய்தது 2013ஆம் ஆண்டு மரண ஊகச் சட்டம். ஒரே மனு, ஒரே அறிவிப்பு, எல்லாவற்றுக்கும் செல்லும்: சொத்து மாறும், திருமணம் முடியும், மரணத் தேதியையும் நீதிமன்றமே குறிக்கும். இறந்தவர் திரும்பி வந்தால் அறிவிப்பை மாற்றலாம், முடிந்த திருமணம் மட்டும் உயிர்பெறாது.

இந்தியாவில் இதற்கு நிகராகச் செய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குடும்ப நல நீதிமன்றத்துக்கே மரண அறிவிப்பு, திருமண முறிவு இரண்டையும் ஒரே மனுவில் தர அதிகாரம் கொடுத்து, மனுதாரர் கைம்பெண்ணுக்குரிய வாரிசுரிமையை இழக்கமாட்டார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தேதியை நீதிமன்றம் குறிக்க வேண்டும், அதற்கு எதிர்ச் சான்று வரும் வரை அதுவே செல்ல வேண்டும். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறு மாத அவகாசத்தை எல்லா மதத்தினருக்கும் கொண்டுவந்து, அது முடிந்தபின் 30 நாள் ரத்து மனுவுக்கு இடமில்லை என்று மூடிவிட வேண்டும். ஏழாண்டை நான்காக்கலாம். கைப்பேசியும் ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒவ்வொருவரின் நடமாட்டத்தையும் பதிந்து வைத்திருக்கும் காலத்தில், பாய்மரக் கப்பல் காலத்துக் காத்திருப்பை நீட்டிக்கக் காரணமில்லை. ஆனால் அந்தத் தடயங்களைத் தேடிப் பார்க்கும் பொறுப்பு மனைவியிடம் இருக்கக் கூடாது. நீதிமன்றம் கேட்டால் போலீஸ் எடுத்துத் தர வேண்டும்.

எப்படிச் சட்டம் மாறினாலும் கணக்கு தொடங்குவது பெரும்பாலும் காவல் நிலையத்தில்தான். மத்திய அரசு ஊழியர் காணாமல் போனால் எஃப்.ஐ.ஆர். போட்ட நாளிலிருந்து ஆறு மாதத்தில் குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம் என்ற விதிகூட அந்தத் தேதியைத்தான் பார்க்கிறது. ஊருக்குத் தெரிந்தால் அசிங்கம், இரண்டு நாளில் வந்துவிடுவார், சண்டை போட்டுக்கொண்டு போனதை எப்படிச் சொல்வது என்று புகாரைத் தள்ளிப்போடும் குடும்பங்களில் ஏழாண்டு கடந்தபின்னும் நீதிமன்றத்தில் காட்ட ஒரு காகிதம் இருப்பதில்லை. கடைசியாகப் பார்த்த நாள் எது என்பதையே உறவினர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். பெயர், அங்க அடையாளம், கடைசியாகப் போட்டிருந்த சட்டை நிறம் எல்லாம் எழுதி, நிலைய முத்திரையோடு தரப்படும் அந்த ஒற்றைத்தாள் ரசீதை முதல் வாரத்திலேயே வாங்கி வைத்தவரின் வழக்கு, பின்னால் எந்த வழியில் போனாலும், தேதித் தகராறில் சிக்குவதில்லை.